எதிரே வருபவர்கள்

என் மச்சாள் மொன்றியலுக்கு வந்து முதலில் படித்த பிரெஞ்சுச் சொல் 'பொன்ஜூர்' இல்லை, 'பர்தோன்'. மற்றவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்லிப் பழகி ஆறு மாதம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்கப் பழகுவார்கள். மச்சாளுக்கு வந்த முதல் கிழமையே அது தேவைப்பட்டது. எந்தக் கூட்டத்திலும் அவர் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஜான்-டலோன் மெட்ரோவில் மாறி ஏறுகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். ஒரு வண்டி வந்து நின்றால் ஊரே திரண்டு ஒரே படியில் ஏறும். இறங்குகிறவர்களுக்கென்று பக்கத்தில் வேறு படி இருக்கிறது. மச்சாள் அந்தப் பக்கம் போகவேமாட்டார். ஏறுகிறவர்களின் படியிலேயே கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு இறங்குவார். "மதாம்!" என்று யாராவது சீறினால் "பர்தோன், பர்தோன்" என்பார். சொல்லும்போது சீறியவரைப் பார்க்கமாட்டார். அவருக்குப் பின்னால் வருகிறவரை, அதற்கும் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பத்துப் படி மேலே நின்று, இந்த மனுஷியை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோலக் கைப்பைக்குள் எதையோ தேடுவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போதும் வெட்கப்பட்டேன்தான், ஆனால் அது வேறு வெட்கம்.

அவர் என் கணவரின் ஒரே அக்கா. அவர் எனக்கு மச்சாள், நான் அவருக்கு மச்சாள். சண்டை முடிந்து மூன்றாம் வருஷம், எத்தனையோ கடிதங்களுக்கும் கையெழுத்துகளுக்கும் பிறகு, மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு சூட்கேஸ், கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். என் கணவர் அவரை அத்தான் என்பார். நான் படத்தில் மட்டுமே பார்த்த மனிதர் என்றாலும் எனக்கும் அத்தான் என்றே வாயில் வந்துவிட்டது.

பின்தோட்டத்தைப் பார்த்த பெரிய அறையை மச்சாளுக்கென்று ஒழுங்குபண்ணி, புதுத் திரைச்சீலை எல்லாம் தைத்துப் போட்டு வைத்திருந்தேன். அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வடிவா இருக்கு மச்சாள். ஆனா இதிலை இருந்தா ஆக்கள் தெரியாதே," என்றார்.

தெருவைப் பார்த்த சின்ன அறையில் என் தையல் மெஷின் இருந்தது. அடுத்த நாளே மெஷின் பின்னறைக்குப் போனது, மச்சாள் முன்னறைக்கு வந்தார். ஒரு கிழமை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெருவில் அப்படி என்ன ஆக்கள்? நாய் கொண்டு நடக்கிற ஒரு கிழவர், தபால்காரி, பனிக்காலத்தில் அதுவும் இல்லை.

பியர்பொன்ட்ஸில் கார் இல்லாதவர் கை இல்லாதவர். ஒரு பால் பெட்டி வாங்கவும் கார் வேண்டும். மச்சாளுக்கோ கார் என்றாலே பிடிக்காது. "காரிலை போனா என்ன தெரியுது? முன்னுக்குப் போற காரின்ரை பின்பக்கம்தானே," என்பார். சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை கிடைத்தபோது, என் கணவர் தன் வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். மச்சாள் கேட்கவில்லை. காலை இருட்டோடு எழும்பி, பஸ், பிறகு மெட்ரோ என்று ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்தார். பஸ்ஸில் முன்கதவுக்குப் பக்கத்தில், ஏறுகிறவர்களைப் பார்த்தபடி இருக்கிற இருக்கை எதுவோ அதுதான் அவருடைய இடம். அந்த வழியில் ஓடிய ஹெயிட்டிக்காரச் சாரதி ஒருநாள் என்னிடம், "உங்கள் மதாம் என்னைவிடக் கவனமாக என் பயணிகளைப் பார்க்கிறார்," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கடையிலும் அதே கதைதான். கடைக்காரர் அவரைப் பின்பக்கம் லீக்ஸ் தண்டு கழுவ விட்டார். இரண்டாம் நாள் மச்சாள் தானாகவே முன்னுக்கு வந்து தக்காளி அடுக்கத் தொடங்கினார். நல்லாக அடுக்குவார், ஒரு பழம் நசியாது, ஆனால் கையைப் பார்த்து அடுக்கி நான் கண்டதில்லை. கண் எப்போதும் நடைபாதையில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் அவரைக் கூட்டிவரப் போயிருந்தோம். காரை நிறுத்த இடமில்லாமல் இவர் தெருவில் நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன். மச்சாள் ஒரு கையில் தக்காளியோடு அப்படியே நின்றார். கொஞ்சம் முன்னால் ஒரு மனிதர் போய்க்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சேட், இடது தோள் சற்றே தாழ்ந்த நடை. படத்தில் அத்தானுக்கும் அந்தத் தோள் அப்படித்தான். மச்சாள் அவருக்குப் பின்னால் ஓடவில்லை. பக்கத்து வரிசைக்குள் புகுந்து, பூக்கடையைச் சுற்றி, அந்த மனிதருக்கு முன்னால் போய், அங்கேயிருந்து அவரை நோக்கி நடந்து வந்தார். நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். அவர் ஒரு வங்காளி. கையில் அப்போதுதான் வாங்கிய பூக்கோவா வைத்திருந்தார்.

"பொன்ஜூர்," என்றார் மச்சாள். அவர் வழி விலகிப் போனார்.

"ஏன் மச்சாள், பின்னாலை நிண்டு ஒருக்காக் கூப்பிட்டுப் பாத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் எல்லாருக்கும் ஒண்டுதான். முகம்தான் வேறை."

"சரி, வாங்கோ போவம். இவர் காரோடை காத்துக்கொண்டு நிக்கிறார்."

"பொறும் மச்சாள். இன்னும் ஆக்கள் வருகினம்."

இந்த ஒரு வசனத்தை அவர் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! மெட்ரோவில் கேட்டிருக்கிறேன், கடைத்தொகுதி வாசலில் கேட்டிருக்கிறேன், கலியாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்து எல்லாரும் கை கழுவிய பிறகும் கேட்டிருக்கிறேன். எரிச்சல் வரும். இவர் பசியில் கத்துவார். மச்சாள் அசையமாட்டார்.

கோயிலில் மட்டும் அவரால் எதிரே நடக்க முடியாது. கோயிலை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றுவது செத்த வீட்டு வழக்கம். மச்சாளுக்கு அதில் பயம் அதிகம். ஆனால் வலம் வந்தால் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், முன்னால் போகிறவர்களின் முதுகும் கொண்டையும்தான் தெரியும். அதனால் திருவிழாவில் மூன்று சுற்றையும் கெதியாக முடித்துவிட்டு ஒரு மூலையில் தூணோடு நின்றுகொள்வார். சுவாமி வீதி சுற்றி வரும்போது எல்லாரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிட, மச்சாள் சுவாமிக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

காரணத்தை அவர் ஒரே ஒருநாள்தான் சொன்னார். வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, குசினியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம். நான் கேட்கவில்லை. தானாகவே தொடங்கினார்.

"தண்ணி இடுப்பளவு மச்சாள். சில இடத்திலை கழுத்து மட்டும். எல்லாரும் வரிசையா அந்தக் கடல்நீரேரிக்குள்ளாலை நடந்தனாங்கள். அவர் எனக்குப் பின்னாலை, பையைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தார். வெடி கேட்டவுடனை நான் திரும்பிப் பாக்கப் போனன். 'திரும்பிப் பாக்காதை, நட' எண்டு கத்தினார். நான் நடந்தன். அந்த மனுசன் சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அண்டைக்கெண்டு கேட்டன்."

கை முருங்கையிலையை உருவிக்கொண்டே இருந்தது.

"கரையிலை ஏறித்தான் திரும்பினன். ஆக்கள் வந்துகொண்டே இருந்தினம். நான் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு நிண்டன். ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏறச் சொன்னாங்கள். 'இன்னும் ஆக்கள் வருகினம்' எண்டு சொன்னன். பிடிச்சுத் தள்ளி ஏத்திப்போட்டாங்கள்."

அதற்குப் பிறகு மெட்ரோப் படியில் நான் கைப்பைக்குள் எதையும் தேடியதில்லை. அவருக்குப் பின்னால் நானும் "பர்தோன், பர்தோன்" என்று இறங்கப் பழகிக்கொண்டேன்.

அத்தான் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்தபோது வீட்டில் வேறு பிரச்சினை வந்தது. காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிரியை செய்யலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து, அதை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைப்பார்கள். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அத்தான் மேல் பாசம் இருந்தது. அவருக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது அத்தான்தான்.

"அக்கா, அத்தான்ரை ஆத்மாவை எத்தினை வருஷத்துக்கு இப்பிடி அந்தரத்திலை வைச்சிருக்கப் போறீங்கள்? ஒரு சொட்டுத் தண்ணி வார்க்கவேண்டாமோ?"

மச்சாள் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. முறைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை இல்லாதபடியால் மனைவியே செய்யலாமாம், ஐயர் ஒத்துக்கொண்டார்.

"சாம்பலைக் கரைச்சாப் பிறகு என்ன?"

"பிறகென்ன, திரும்பிப் பாக்காமல் வீட்டை வரவேண்டியதுதான். அதுதானே முறை."

"எல்லாம் செய்வன் தம்பி. அது மட்டும் ஏலாது. ஒருக்கா அப்பிடி வந்தனான், காணும்."

"அக்கா, அது ஒரு சடங்கு!"

"அது உனக்குச் சடங்கு."

அன்றிலிருந்து ஒரு வருஷமாக அக்காவும் தம்பியும் நேரே கதைக்கவில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, "மச்சாள், தம்பிக்குச் சோறு காணுமோ எண்டு கேளும்" என்பார் ஒருவர். "காணுமெண்டு சொல்லும்" என்பார் மற்றவர். இரண்டு பேர் நடுவில் நான் தபால்காரியாகப் போனேன்.

என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் பல வருஷம் நின்ற கம்போடியர் ஒருவர் இருந்தார். "உங்கள் சாமிகள் முழுப்பேரும் எங்கள் ஊரில் கல்லாய் நிற்கிறார்கள், நீங்கள் ஏன் விடுமுறைக்குப் புளோரிடா போகிறீர்கள்?" என்று இவரைக் கேலி செய்துகொண்டே இருப்பார். அவரும் தன் தகப்பனின் உடல் கிடைக்காமல்தான் காரியம் செய்தவர். அங்கே கூட்டிப்போய்க் காட்டினால் அக்காவின் மனம் கொஞ்சம் இளகும் என்று இவர் கணக்குப் போட்டார். அடுத்த மாசியில் நாங்கள் மூன்று பேரும் கம்போடியாவிலுள்ள அங்கோர் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றபடியால் மச்சாளும் மறுக்கவில்லை.

அகழி, நீண்ட கல்பாதை, அதன் முடிவில் ஐந்து கோபுரங்கள். நாங்கள் போன நேரம் நல்ல வெயில், நல்ல சனம். வழிகாட்டியாக வந்தவள் சின்னப் பெண், பிரெஞ்சு படித்தவள். அவள் பேசியது பாரிஸ் பிரெஞ்சு. என் கணவர் தொழிற்சாலையில் பழகிய கெபெக் பிரெஞ்சு அவளுக்கு விளங்கவில்லை. இருவரும் கையாலும் தலையாலும் கதைத்துக்கொண்டு முன்னே போனார்கள்.

கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் நீண்ட மண்டபம். உட்சுவர் முழுவதும் செதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் மேற்கு வாசலால் உள்ளே வந்தோம். வழிகாட்டி வலக்கைப் பக்கம் திரும்பி, "இங்கேயிருந்து தொடங்குவோம்," என்றாள். கோயில் இடக்கைப் பக்கம் வந்தது. மச்சாள் நின்றுவிட்டார்.

"இப்பிடிப் போனா இடமாச் சுத்துற மாதிரியெல்லோ?"

நான் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். வழிகாட்டி பொறுமையாகச் சொன்னாள். இந்தக் கோயில் மேற்கே பார்த்தது, ஓர் அரசனின் சாவோடு சேர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள், அதனால்தான் சிற்பங்களும் இடமாகச் சுற்றும்படி செதுக்கப்பட்டிருக்கின்றன, மற்றப் பக்கமாகப் போனால் கதை கடைசியிலிருந்து தொடங்கும். நான் மொழிபெயர்த்தேன். சொல்லும்போதே தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று.

"ஆரின்ரை சாவெண்டாலும் இருக்கட்டும். நான் கோயிலை இடமாச் சுத்தமாட்டன்," என்றார் மச்சாள்.

"அக்கா, கதை தலைகீழாப் போகும்!" என் கணவர் ஒரு வருஷத்துக்குப் பிறகு நேரே அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கதை எனக்குத் தெரியும் தம்பி. நீ போ."

வழிகாட்டியைப் பார்த்து "பர்தோன்" என்று சொல்லிவிட்டு இடக்கைப் பக்கம் திரும்பினார். இவர் தலையில் அடித்துக்கொண்டு வழிகாட்டியோடு போனார். நான் மச்சாளோடு போனேன்.

முதலில் வந்தது இலங்கை யுத்தம். குரங்குகள் அரக்கரைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. "இஞ்சை பாரும், நாங்கள்தான் கடி வாங்கிறம்," என்று சிரித்தார் மச்சாள். அதற்குப் பிறகு தேவர்களும் அசுரர்களும் போடும் சண்டைகள் சுவர் சுவராக வந்தன. அவற்றில் அவர் நிற்கவேயில்லை. "சாமியள் சண்டை பிடிக்கட்டும். அதுக்குள்ளை எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கமாட்டினம்." உலகமெல்லாம் இருந்து வந்த சனம் சரியான திசையில் வந்துகொண்டிருந்தது, நாங்கள் இருவரும் பர்தோன் பர்தோன் என்று அதைக் கிழித்துக்கொண்டு போனோம். பின்பக்கத்தில் பாற்கடல் கடையும் சுவருக்கு முன்னால் என் கணவர் எதிரே வந்தார். மச்சாள் தம்பியின் கன்னத்தை ஒருக்காத் தட்டிவிட்டுக் கடந்து போனார்.

பிறகு தெற்கு மண்டபம். நரகம் செதுக்கிய சுவரைக் கெதியாகத் தாண்டினார். அதற்கு அடுத்த சுவரில்தான் அது நடந்தது.

அரசனின் படை ஊர்வலம் போகிறது. வேல்காரர், யானைகள், குடை பிடிக்கிறவர்கள், நூற்றுக்கணக்கான மனிதர்கள். எத்தனையோ கைகள் தொட்டுத் தொட்டு அந்தக் கல் கறுத்து மினுங்கியது. அவர்கள் எல்லாரும் கோயிலை இடமாகச் சுற்றுகிற திசையில் நடக்கிறார்கள். நாங்கள் வலமாகப் போகிறோம். அதனால் அத்தனை பேரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள்.

மச்சாளின் நடை மாறியது. சந்தையில் நிற்கிற மச்சாள் ஆகிவிட்டார். ஒரு முகத்தையும் விடவில்லை. கிட்டப் போய்ப் பார்ப்பார், ஓர் அடி வைப்பார், அடுத்ததைப் பார்ப்பார். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே கோயில் அது, முறைப்படி வலம் வந்தாலும் எல்லாரும் எதிரே வருகிற கோயில். நான் தூணோடு நின்று காத்திருந்தேன்.

பாதிச் சுவரில் நின்றார். "மச்சாள், இஞ்சை வாரும்."

வரிசையில் ஒருவன் மட்டும், கால் முன்னே போக, தலையைத் திருப்பிப் பின்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் திரும்பிப் பாத்திருக்கிறான்," என்றார் மச்சாள்.

"ஓம்."

"இது செய்து எத்தினை வருஷமாம்?"

"தொள்ளாயிரம் வருஷத்துக்குக் கிட்டவெண்டு அந்தப் பிள்ளை சொன்னது."

மச்சாள் பார்த்தவனையும் பின்னால் வந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் நடுவே ஒரு சாண் கல் இருந்தது. அதன்மேல் கையை வைக்கப் போனவர், கயிறு கட்டியிருந்தபடியால் கையை எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு காலமா இவன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறான். பின்னுக்கு வாறவன் இன்னும் வந்து சேரேல்லை," என்றார்.

பிறகு அழுதார். பத்து வருஷத்தில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். ஒரு சீனக் குடும்பம் எங்களுக்காக ஒதுங்கி நின்று பிறகு மெதுவாகக் கடந்து போனது.

திரும்பும்போது அந்த நீண்ட கல்பாதையில் மச்சாள் கோயிலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். மூலஸ்தானத்திலிருந்து வருகிறபோது சுவாமிக்கு முதுகு காட்டாமல் நாலு அடி பின்னால் வைப்போமே, அதுபோல. ஆனால் மச்சாள் நாலு அடியோடு நிற்கவில்லை. கோயில் வாசலிலிருந்து அகழி தாண்டும் மட்டும் அப்படியே வந்தார். படம் எடுக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான் நடந்தபடியால் யாரும் எங்களை வினோதமாகப் பார்க்கவில்லை. நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டின்போது, "தம்பி, ஐயரோடை கதை. ஆனியிலை செய்வம்," என்றார். இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் போய் இது மூன்றாவது பனிக்காலம். நித்திரையிலேயே போனார், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல். முன்னறையில் அவருடைய கதிரை தெருவைப் பார்த்தபடியே கிடக்கிறது. தையல் மெஷினை அங்கே திரும்பக் கொண்டுபோகச் சொல்லி இவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார், எனக்கு மனம் வரவில்லை. போன கிழமை ஜான்-டலோன் மெட்ரோவில், ஏறுகிறவர்களின் படியில் நான் இறங்கிக்கொண்டிருந்ததை ஒருத்தி "மதாம்!" என்று சீறியபோதுதான் கண்டேன். எவ்வளவு நேரம் முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேனோ தெரியாது. அத்தனைக்குள் அவர் முகம் இல்லை. அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஒருக்கா எதிரே வந்தால் போதும்.

அந்த ஆனி மாதக் காலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கோயில் மண்டபத்தில் கிரியை முடிந்து, சாம்பல் முட்டியோடு பியர்பொன்ட்ஸின் வடக்குக் கரையில் ஆற்றுக்கு வந்தோம். ஐயர், என் கணவர், மச்சாள், நான். தண்ணீர் அமைதியாக ஓடியது. அக்கரையில் லவால் பக்கத்து வீடுகள் தெரிந்தன. மச்சாள் முழங்கால் வரை இறங்கி, முட்டியைச் சரித்துச் சாம்பலை விட்டார். கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி அம்மா, இனித் திரும்பிப் பாக்காமல் நடவுங்கோ," என்றார் ஐயர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன்.

மச்சாள் திரும்பவேயில்லை. ஆற்றைப் பார்த்தபடியே ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு மற்றக் காலை. நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன்.

"அம்மா..." என்று ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"விடுங்கோ ஐயா," என்றார் என் கணவர். "அக்கா திரும்பிப் பாக்கேல்லைத்தானே."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். பிறகு செம்பையும் பையையும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கினார்.

"கல்லு இருக்கு மச்சாள், மெதுவா. இப்ப புல்லு. இதிலை ஒரு படி." நான் சொல்லச் சொல்ல அவர் அடி வைத்தார். கண்ணை ஆற்றிலிருந்து எடுக்கவில்லை. கரை, புல், சைக்கிள் பாதை எல்லாம் தாண்டிக் கார் நின்ற இடம்வரை அப்படியே வந்தோம். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களுக்காகப் பிரேக் பிடித்து நின்றார். கார்க் கதவில் முதுகு முட்டியபோது மச்சாளும் நின்றார்.

வழக்கமாகச் சொல்லும் வசனத்துக்காக நான் காத்திருந்தேன். அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் நானும் நிற்பதென்று இருந்தேன்.

மச்சாள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒருமுறை வடிவாகப் பார்த்தார்.

"ஆரும் வரேல்லை மச்சாள்," என்றார். "வாரும், போவம்."